அம்மா தூங்குறா

அத்தியாயம் 9

குழந்தைகள் காப்பகத்திலிருந்து வந்த கடிதத்தை அத்தை மூன்று முறை படித்து, மடித்துப் பைக்குள் வைத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். நான்காவது முறை படித்தால் மட்டும் எழுத்து மாறிவிடவா போகிறது? கடிதம் சொன்னது இதுதான்: பகல் தூக்க நேரத்தில் சிட்டு மற்றப் பிள்ளைகளைத் தூங்கவிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளையின் கண்ணோரத்தில் அவள் நகம் பட்டுக் கீறிவிட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு வீட்டிலிருந்து யாராவது வந்து பேச வேண்டும். திங்கட்கிழமை முதல் அவளைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். கீழே காப்பகத்தை நடத்துகிற பெரிய மிஸ்ஸின் கையெழுத்து.

அந்த வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அத்தை என்பவள் மூன்றரை வயதுச் சிட்டுவின் அப்பாவுக்கு அக்கா. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிற வேலை. டிப்போவில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அன்றைக்கு அவர்கள் வண்டி இரண்டு நிமிடம் தாமதம் என்று பதிவாகிவிடும் என்ற பயம்தான்.

தம்பி மனைவிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, பத்து நாள் ஒத்தாசையாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள் அத்தை. நான்கு மாதம் ஆகிறது. பிள்ளை பிறந்ததிலிருந்து தம்பி மனைவி அறையை விட்டு வெளியே வருவதில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பாள். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தால் பால் கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். கைக்குழந்தையைப் பகலில் எதிர்வீட்டுத் தையல் அக்கா தன் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். சிட்டு காப்பகத்துக்குப் போகிறாள். காப்பகமும் இல்லையென்று ஆகிவிட்டால், அந்தப் பிள்ளை பொழுதெல்லாம் சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 

காலை ஏழு பத்துக்குச் சிட்டு ஒரு கையில் செருப்போடு அம்மாவின் அறைக் கதவருகே வந்து நின்றாள். தினமும் நிற்கிற இடம். தினமும் கேட்கிற கேள்வி.

"அம்மா?"

"அம்மா தூங்குறா. சத்தம் போடாம வா" என்றாள் அத்தை. இதுவும் தினமும் சொல்கிற பதில்தான்.

வேன் வந்தது. சிட்டு ஏறினாள். அத்தை டிப்போவுக்குப் போய்ப் பன்னிரண்டு மணிவரை பஸ்களை எழுதிவிட்டு, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இருபது வருடத்தில் அவள் அரை நாள் விடுப்பு எடுத்தது இது இரண்டாவது தடவை. டிப்போ மேலாளர் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். இனிமேல்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

போகிற வழியெல்லாம் மனதுக்குள் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மூன்றரை வயதுப் பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியாதவர்கள் எதற்காகக் காப்பகம் நடத்துகிறீர்கள் என்று ஆரம்பிப்பதா, அல்லது தாய் சுகமில்லாத பிள்ளை என்று கொஞ்சம் இறங்கிப் பேசுவதா என்று இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது சரிவராது. தாய் சுகமில்லை என்றால் என்ன சுகமில்லை என்று அடுத்த கேள்வி வரும். மனசு சரியில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? நாளைக்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உடம்பு அசதி, தூங்கினால் சரியாகிவிடும் என்று தம்பி இரண்டாவது வாரமே சொல்லியிருந்தான். அதைத்தான் இந்த நான்கு மாதமும் அத்தை ஊருக்கும் உலகத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காப்பகத்தில் அவளை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார்கள். வட்ட மேஜை. பெரிய மிஸ் ஒரு பக்கம், வேன் ஓட்டுகிறவர் ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு அவர் வேன் மாமா. மூன்றாவது நாற்காலியில் இருந்தவளைப் பார்த்ததும் அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பச்சிளம் குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கிற சுகாதார நர்ஸ். தம்பி வீட்டுக்கும் மூன்று தடவை வந்தவள். மூன்று தடவையும் அத்தையால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள்.

நர்ஸ் வணக்கம் சொன்னாள். அத்தையும் சொன்னாள். சண்டைக்குப் பார்த்த ஒத்திகை பாதி அங்கேயே கரைந்துபோனது.

பெரிய மிஸ் ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார். ஒரு பிள்ளை விஷயமாக உட்கார்ந்தால் இங்கே ஒரே ஒரு சட்டம்தான் என்றார். அந்தப் பிள்ளையை யார் யார் பார்க்கிறார்களோ அவர்கள் எல்லோரும் ஒரே மேஜைக்கு வர வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது.

வேன் மாமா ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். முதல் வரி 'ரொம்பப் பிடிவாதம்'. பெரிய மிஸ் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பிடிவாதத்தைக் கண்ணால் பார்த்தீர்களா, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டார். மனிதர் தலையைச் சொறிந்தார்.

அத்தைக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போனது. அவளுடைய பதிவேட்டிலும் '7.42 வந்தது' என்றுதான் இருக்கும். டிரைவர் சோம்பேறி என்று ஒரு நாளும் எழுதியதில்லை. எழுதக் கை துறுதுறுத்த நாட்கள் உண்டு. அது வேறு விஷயம்.

வேன் மாமா இரண்டாவது முயற்சியில் ஒழுங்காகச் சொன்னார். சாயங்காலம் வண்டியில் ஏதாவது ஒரு பிள்ளை கண் அசந்தால், சிட்டு பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். போன மாதம் மத்தியானம் அவரே வண்டிக்குள் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். விழித்துப் பார்த்தால் வெளியே சிட்டு நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "எவ்ளோ நேரமா தட்டினாளோ தெரியல. கை சிவந்து கிடந்துச்சு. கதவைத் திறந்ததும் ஒண்ணுமே பேசல, ஓடிப் போயிட்டா" என்றார்.

பெரிய மிஸ்ஸுக்குப் பேச வேண்டிய வேலையே இருக்கவில்லை. அந்த அறையின் ஒரு சுவரில் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிற கூடம். பன்னிரண்டே முக்கால். திரையைப் பாதி இழுத்துவிட்டு, பதினொரு பாய்களில் பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள் சின்ன மிஸ்.

பத்துப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் சுருண்டுவிட்டார்கள். சிட்டு மட்டும் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்ன மிஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்தாள். முதல் பாய்க்குப் போய் மண்டியிட்டாள். அங்கே படுத்திருந்த பிள்ளையின் முகத்துக்கு மேல் குனிந்து, ஒரு விரலால் மெதுவாக இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிள்ளை சிணுங்கித் திரும்பியது. அது போதும் போலிருந்தது. அடுத்த பாய்க்குப் போனாள். மூன்றாவது பாயில் இருந்த பிள்ளை அசையவே இல்லை. சிட்டு அதன் கன்னத்தைத் தட்டினாள். அப்புறம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. வாய் மட்டும் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது தெரிந்தது. சின்ன மிஸ் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் பாயில் விட்டாள்.

உட்கார்ந்தவள் சுவரில் சாய்ந்தாள். கண் சொருகியது. உடனே தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள். மறுபடியும் சொருகியது. மறுபடியும் கிள்ளிக்கொண்டாள்.

குறும்புக்காரப் பிள்ளை என்று இத்தனை நாளும் நினைத்திருந்த அத்தை எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குறும்பு செய்கிற பிள்ளையின் முகம் இப்படியா இருக்கும்? அத்தனை பயம் ஒரு மூன்றரை வயது முகத்தில் எங்கிருந்து வந்தது?

அடுத்தது நர்ஸ். தன் நோட்டைத் திறந்து, குரலில் எந்தக் குத்தலும் இல்லாமல், தேதியும் நேரமும் படித்தாள். மூன்று தேதிகள். மூன்றுக்கும் எதிரே ஒரே வாசகம்: தாய் தூங்குவதாக வீட்டார் கூறினர். பார்க்க இயலவில்லை.

பிறகு அத்தையைப் பார்த்து, சிட்டு வீட்டில் அம்மாவைக் கேட்கும்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

கடிகாரத்திடம் கேட்ட கேள்வி. துல்லியமாகத்தான் பதில் வந்தது. "காலைல ஏழு பத்துக்குக் கேப்பா. அம்மா தூங்குறான்னு சொல்லுவேன். சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு வந்ததும் கேப்பா. தூங்குறான்னு சொல்லுவேன். ஏழரைக்கு, சாப்பிடறப்ப கேப்பா. தூங்குறா. எட்டரைக்குப் படுக்கப் போறப்ப..."

அங்கே நின்றுவிட்டாள். தன் வாயால் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு நான்கு தடவை. நான்கு மாதம். பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே பதில். அம்மா தூங்குறா என்று சொல்லிச் சொல்லி, தூங்கினால் அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள், திரும்பி வரவே மாட்டாள் என்று அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை.

"நான் பார்த்ததை எழுதணும்னு சொன்னீங்க மிஸ்" என்றாள் மெதுவாக. "நான் சொன்னதைத்தான் எழுதணும். அந்த வார்த்தை என்னோடதுதான்."

யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. வேன் மாமா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்த அத்தை, இரண்டு மிடறு குடித்துவிட்டு, முதல் தடவையாக வெளியாட்கள் முன்னால் விஷயத்தைச் சொன்னாள். தம்பி மனைவி படுத்திருப்பதை, பேசாமல் இருப்பதை, கைக்குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பதை, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நர்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு மனசு இப்படிப் படுத்துவிடுவது உண்டு, சோம்பலும் இல்லை திமிரும் இல்லை, அதுவும் ஒரு நோய், வைத்தியம் இருக்கிறது என்றாள். சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். தம்பி மனைவி ராத்திரி நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டதற்கு, முழு நேரமும் தூக்கம்தானே என்றாள் அத்தை.

"அது நீங்க பார்த்ததா, நினைச்சதா?"

அத்தை கையிலிருந்த பென்சிலை மேஜைமேல் வைத்தாள்.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. சிட்டுவுக்குக் காப்பகத்தில் இரண்டு வாரம் அவகாசம். அந்த இரண்டு வாரமும் தூக்க நேரத்தில் அவள் கூடத்துக்குப் போக வேண்டாம். வேன் மாமா வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் எப்படியும் வண்டிக்குள் குறட்டைதான் விடப் போகிறேன், அதற்கு இது மேல் என்றார் அவர். கீறல் பட்ட பிள்ளையின் அம்மாவிடம் பெரிய மிஸ் பேசுவார். நர்ஸ் திங்கட்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வருவாள், டாக்டரோடு. அன்று வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்துவிட வேண்டியது அத்தை. இதையெல்லாம்விட முதலில் ஒன்று, இன்றைக்கே செய்ய வேண்டும்.

"பிள்ளைக்குப் பெரிய விளக்கம் வேணாம்" என்றாள் நர்ஸ். "பொய் இல்லாம சின்னதா நாலு வார்த்தை போதும். அவ பண்ண தப்பு எதுவும் இல்லைங்கிறதையும் சொல்லிடுங்க. பிள்ளைங்க அப்படித்தான் நினைச்சுக்கும்."

வெளியே வந்ததும் அத்தை தம்பிக்குப் போன் செய்தாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறான். எந்தக் கட்டடத்தின் எந்த மாடியிலோ இருந்து எடுத்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பிள்ளையிடம் போய் அதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும், அசதிதான் அக்கா, தானாகச் சரியாகிவிடும் என்றான். உப்பும் உறைப்பும் இல்லாத குரல். போனை எடுத்தாலே 'சொல்லு கடிகாரம்' என்று வம்புக்கு இழுக்கிறவன் இப்போதெல்லாம் இப்படித்தான் பேசுகிறான்.

"நாலு மாசமா அசதியாடா?" என்று கேட்டாள்.

 வேலை இருக்கிறது, சாயங்காலம் பேசலாம் என்று வைத்துவிட்டான்.

ஐந்து நாற்பதுக்குச் சிட்டு வந்தாள். பையைக் கீழே போட்டாள். நேராகக் கதவருகே போய் நின்றாள்.

"அம்மா?"

அத்தை கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சிட்டுவை மடியில் இழுத்துக்கொண்டாள். டிப்போவில் ஐம்பது டிரைவர்களை ஒரே பார்வையில் அடக்குகிறவள், அந்த நான்கு வார்த்தையை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா தூங்கல சிட்டு. அத்தை உன்கிட்ட தப்பா சொல்லிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல், இருமல் மாதிரி இல்ல, மனசுக்குள்ள சரியில்ல. அதனாலதான் எழுந்து வர முடியல. நீ ஒண்ணும் பண்ணல. தம்பிப் பாப்பாவும் ஒண்ணும் பண்ணல."

சிட்டு யோசித்தாள். "தூங்கினா அப்படி ஆயிடுமா?"

"ஆகாது. நான் தினமும் தூங்குறேன், தினமும் எழுந்துக்கறேன் பாரு. அம்மாவுக்கு வந்தது வேற."

"எப்ப சரியாகும்?"

எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வைத்திருப்பவளிடம் இதற்கு மட்டும் நேரம் இல்லை. "எனக்குத் தெரியலடி தங்கம். டாக்டர் வருவாங்க. அவங்களைக் கேட்போம்."

"மருந்து கசக்குமா?"

"கசக்கலாம்."

இதுவரை கிடைத்த பதில்களில் இதுதான் நம்பத்தகுந்தது என்று சிட்டுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையாட்டினாள். பிறகு, நான் உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான்கு மாதமாக மூடி வைத்திருந்த கதவு. அத்தை எழுந்து திறந்துவிட்டாள்.

திரை இழுத்துவிட்ட அறை. தம்பி மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சிட்டு ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. கட்டிலில் ஏறி அந்த முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை வாசற்படியில் நின்றாள்.

"அண்ணி" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. கரகரத்த குரல். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "நான் தூங்கவே இல்ல அண்ணி."

கதவு வழியாக விழுந்த வெளிச்சத்தில் மெதுவாகத் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கருப்பாக இறங்கியிருந்தது. அத்தை இந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்து எத்தனை நாள் ஆகிறது?

"நீங்க வெளிய சொல்றது ஒவ்வொரு தடவையும் கேக்கும். நர்ஸ் வந்தப்பவும் கேட்டுச்சு. இல்ல, முழிச்சுத்தான் இருக்கேன்னு எழுந்து வந்து சொல்லணும்னு நினைப்பேன். கால் வரல. கண்ணை மூடித் தூங்கி எத்தனை நாளாச்சுன்னே தெரியல."

அத்தைக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. உதவிக்கு வந்தவர்களை, இவள் காது கேட்கக் கேட்க, மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமே கிடையாது. கேட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றாள்.

"சொன்னேனே. பாப்பா பொறந்து பத்தாம் நாள் நானும் உங்க தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போனோமில்ல, அங்க டாக்டர்கிட்ட எல்லாம் சொன்னேன். உடனே பெரிய டாக்டரைப் பாருங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அவர்தான் வாங்கி வெச்சாரு. அப்புறம் நான் கேக்கல. அவரும் சொல்லல."

அத்தை அவள் கையை விடவில்லை. விட்டிருந்தால் எழுந்து எதையாவது உடைத்திருப்பாள். அசதி என்றானே. தூங்கினால் சரியாகிவிடும் என்றானே. கையில் சீட்டை வைத்துக்கொண்டா சொன்னான்?

வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சிட்டு கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கி ஓடினாள்.

"அப்பா, அம்மா தூங்கல. மனசுக்குள்ள சரியில்லையாம். உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி வேலைப் பையோடு நடுக்கூடத்தில் நின்றான். அறை வாசலுக்கு வந்துவிட்ட அக்காவைப் பார்த்தான். திறந்திருந்த கதவைப் பார்த்தான். 

"தெரியும்" என்றான்.

அத்தை கையை நீட்டினாள். என்ன வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்து, அதன் உள்மடிப்பில் விரலை விட்டு, நாலாக மடித்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தான். மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. பல தடவை பிரித்துப் பிரித்துப் படித்த சீட்டு.

பிரித்தாள். அது ஒரு சீட்டு இல்லை, இரண்டு. முதலாவதில் தம்பி மனைவியின் பெயரும், மனநல மருத்துவரை உடனே பார்க்கவும் என்ற வரியும் இருந்தன. திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில் நிற்க, அத்தை இரண்டாவதைப் பார்த்தாள். அதே தேதி. அதே டாக்டரின் கையெழுத்து. உடனே பார்க்கவும் என்ற அதே வரி.

மேலே எழுதியிருந்தது தம்பியின் பெயர்.